2147483647: ஒரு பெரிய பகா எண்ணைக் கையாலேயே பிரித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த எண் முகம் தெரிந்த எண்தான். 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களில், கூட்டல்-கழித்தல் குறியோடு எழுதக்கூடிய முழு எண்களில் மிகப் பெரியது இதுவே. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணி வரும் பழைய கணினிக் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று, உலகப் பொது நேரம் 03:14:07-க்கு முட்டிக்கொண்டு நிற்கப் போவதும் இந்த எண்ணில்தான்.

இது ஒரு பகா எண். இதை எல்லோரும் சொல்வார்கள், யாரும் சரிபார்ப்பதில்லை. நாம் பார்க்கலாம். ஒரு தாள், ஒரு பேனா, பத்து இலக்கங்களுக்கு மேல் காட்டும் கால்குலேட்டர் இருந்தால் போதும், கடைசிப் படிகளில் மட்டும் ஒரு சின்ன நிரல் வேண்டும். பள்ளியில் படித்த வகுத்தல், மீதி, அடுக்கு ஆகிய மூன்றைத் தாண்டி எதுவும் தேவைப்படாது. சில இடங்களில் மட்டும் ஒரு தேற்றத்தை நிரூபிக்காமல் எடுத்துக்கொள்வேன். அங்கே சொல்லிவிடுகிறேன்.

படி 1: எண்ணை இரும வடிவில் எழுதுங்கள்

பத்தடிமானத்தில் பார்த்தால் 2147483647 எந்த ஒழுங்கும் இல்லாத பத்து இலக்கங்கள். இருமத்தில் (0, 1 மட்டும் வைத்து) எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள், வேறெதுவும் இல்லை. அதாவது 2³¹ − 1. இப்படி 2-இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைத்து வரும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பார்கள்.

இதிலிருந்து கிடைக்கும் ஒரே ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: 2³¹-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1. இனி வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு வரியைத்தான் வெவ்வேறு பக்கத்திலிருந்து பிடித்து இழுக்கப் போகின்றன.

முதல் பயன் உடனே கிடைக்கிறது. ஓர் எண் 9-ஆல் வகுபடுமா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டுவோம் அல்லவா? 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால்தான் அது பலிக்கிறது. இங்கும் அதே வித்தைதான். எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் அதை 2³¹-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும், கூட்டுத்தொகை இன்னும் பெரிதாக இருந்தால் மறுபடி அதையே செய்யுங்கள். நம் எண்ணால் வகுத்தால் வரும் மீதி கைக்கு வந்துவிடும். இதை ‘மடித்தல்’ என்று வைத்துக்கொள்வோம்.

சின்ன எண்ணில் செய்து பாருங்கள். 127 = 2⁷ − 1. 4487-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி என்ன? 128-ஆல் வகுத்தால் ஈவு 35, மீதி 7. கூட்டினால் 42. அவ்வளவுதான். 127 × 35 = 4445, அதோடு 42 சேர்த்தால் 4487. சரியாக இருக்கிறது. கணினிக்கு 128-ஆல் வகுப்பது என்பது பிட்டுகளை நகர்த்துவதுதான், உண்மையில் வகுத்தலே இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடலாம். அடுக்கு ஏன் 31 போன்ற பகா எண்ணாக இருக்க வேண்டும்? 31-க்குப் பதிலாக 30 ஒன்றுகள் இருந்தால் அவற்றை ஐந்து ஐந்தாகப் பிரித்து ஆறு கட்டு போடலாம். ஒவ்வொரு கட்டும் 11111, அதாவது 31. ஆகவே மொத்த எண்ணும் 31-ஆல் வகுபட்டுவிடும். 31 ஒன்றுகளை அப்படிச் சம கட்டுகளாகப் பிரிக்க வழியில்லை. ஆனால் இது பாதிக் கதைதான். 11-உம் பகா எண், இருந்தும் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அடுக்கு பகா எண்ணாக இருந்தே தீர வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. இந்த 2047-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

படி 2: எந்த எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும்?

2147483647-இன் வர்க்கமூலம் 46340-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது. அது வரைக்கும் 4792 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும், வாழ்நாளில் நல்ல பகுதியும் போகும். கணிதர் ஆய்லர் 1772-இல் இது பகா எண் என்று நிரூபித்தபோது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. அவர் அத்தனை வகுத்தல்களையும் செய்யவில்லை. எந்த எண்களை விட்டுவிடலாம் என்று முதலில் யோசித்தார்.

‘க’ என்ற ஒரு பகா எண் நம் எண்ணை மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் க-ஆல் வகுக்கும்போதும் 2³¹-இன் மீதி 1 ஆகிவிடும். 2, 4, 8 என்று அடுக்குகளை எழுதிக்கொண்டே போனால் அவற்றின் மீதிகள் ஒரு சுழற்சியில் திரும்பத் திரும்ப வரும். 31-ஆம் அடுக்கில் 1 வந்துவிடுவதால் சுழற்சியின் நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண், ஆகவே நீளம் 1 அல்லது 31. நீளம் 1 என்றால் 2-இன் மீதியே 1 என்றாகும், அது நடக்காது. எனவே நீளம் 31.

இப்போது முதல் தேற்றம், கணிதர் ஃபெர்மாவுடையது: க பகா எண், 2-ஐ அது வகுக்காது என்றால் 2-இன் (க − 1)-ஆம் அடுக்குக்கு மீதி 1. சுழற்சியின் நீளம் 31 என்பதால் 31 இந்த க − 1-ஐ வகுத்தாக வேண்டும். க ஒற்றைப்படை என்பதால் க − 1 இரட்டைப்படை. ஆகவே 62 வகுக்கிறது. 62-இன் மடங்கோடு ஒன்று கூட்டினால் வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும்.

இன்னொரு சல்லடையும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 2³¹-இன் மீதி 1 என்றால் 2³²-இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது க-ஆல் வகுக்கும் மீதிக் கணக்கில் 2-க்கு ஒரு வர்க்கமூலம் இருக்கிறது, அது 65536! சாதாரணக் கணக்கில் 1.414… என்று முடிவில்லாமல் இழுக்கும் வர்க்கமூலம் இங்கே ஒரு முழு எண். இரண்டாவது தேற்றம் இது: 2-க்கு இப்படி வர்க்கமூலம் கிடைக்கும் ஒற்றைப்படைப் பகா எண்களை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும். 7-இல் 3 × 3 = 9, மீதி 2. 17-இல் 6 × 6 = 36, மீதி 2. 5-இலும் 11-இலும் முயன்று பாருங்கள், கிடைக்காது.

இரண்டு நிபந்தனைகளையும் சேருங்கள். 62-இன் மடங்கு + 1 என்ற வரிசை: 1, 63, 125, 187, 249, 311… 8-ஆல் வகுத்த மீதிகள்: 1, 7, 5, 3, 1, 7… நான்கில் இரண்டு விழுந்துவிட்டன. மிஞ்சுவது 248-இன் மடங்கு + 1, 248-இன் மடங்கு + 63 ஆகிய இரண்டு வரிசைகள்தான்.

46340-க்குள் முதல் வரிசையில் 186 எண்கள். (1-ஐ விட்டுவிட்டோம்.) இரண்டாவதில் 63-ஐயும் சேர்த்து 187. 63 எப்படியும் பகா எண் இல்லை, அதையும் எடுத்துவிட்டால் மொத்தம் 372. ஆய்லர் செய்ய வேண்டியிருந்த வகுத்தல்கள் அதிகபட்சம் 372 என்று புத்தகங்களில் போட்டிருப்பதன் பின்னணி இதுதான்.

படி 3: வகுத்துப் பாருங்கள், ஆனால் முதலில் ஒத்திகை

நேராக 31-க்குப் போகாமல் 23, 29 ஆகிய அடுக்குகளில் கையைப் பழக்குங்கள். காரணம் இருக்கிறது. இத்தாலியக் கணிதர் கட்டால்டி 17, 19 இரண்டும் பகா எண் தருகின்றன என்று 1588-இல் சரியாகவே சோதித்துவிட்டு, 23, 29, 31, 37-உம் தரும் என்று சேர்த்துச் சொல்லிவிட்டார். கடைசி நான்கில் 31 மட்டுமே தேறியது.

2²³ − 1 = 8388607. மேலே செய்ததுபோலச் செய்தால் வரும் வரிசைகள்: 184-இன் மடங்கு + 1, 184-இன் மடங்கு + 47. முதலில் வரும் 47-ஏ வகுத்துவிடுகிறது: 47 × 178481. 2²⁹ − 1 = 536870911-க்கு வரிசைகள் 232-இன் மடங்கு + 1, + 175. 175 பகா எண் இல்லை. அடுத்தது 233. வகுத்தால் 2304167, மீதி இல்லை. (அதுவும் 1103 × 2089 என்று உடைகிறது.) இரண்டிலும் முதல் வகுத்தலிலேயே கதை முடிந்தது.

இப்போது நம் எண். 249 = 3 × 83, தள்ளுங்கள். 311 பகா எண். 2147483647 = 311 × 6905092 + 35. மீதி 35, தேறாது. 497, 559, 745, 807, 993, 1055, 1241 எல்லாம் பகு எண்கள். அடுத்து 1303: ஈவு 1648107, மீதி 226. இப்படியே போகும், 1489-இலிருந்து நீங்கள் தொடரலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கான வேலை. எந்த இடத்திலும் மீதி 0 வராது.

படி 4: ஒரு பொறி, நான் விழுந்தது

‘வகுத்துக்கொண்டிருக்காமல் ஃபெர்மா தேற்றத்தைத் திருப்பிப் போட்டுச் சோதிக்கலாமே’ என்று தோன்றும். 2-ஐ (எண் − 1) அடுக்குக்கு உயர்த்தி, மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. நானும் ஒருமுறை அப்படித்தான் ஒரு நிரல் எழுதினேன். 2³¹ − 1 தேர்ச்சி. சந்தோஷம். சும்மா இருக்காமல் 2047-ஐயும் போட்டேன், அதுவும் தேர்ச்சி! நிரலில் எங்கோ பிழை என்று அரை நாள் தேடினேன். பிழை நிரலில் இல்லை.

2047-இல் 2-இன் சுழற்சி நீளம் 11. 2046 என்பது 11-இன் மடங்கு. ஆகவே 2-ஐ 2046-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் 1 வந்தே தீரும், எண் பகா எண்ணோ இல்லையோ. அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாக உள்ள எல்லா மெர்சென் எண்களும் இந்தச் சோதனையில் 2-ஐ ஏமாற்றிவிடும். 3-ஐ வைத்துச் சோதியுங்கள்: 3²⁰⁴⁶-ஐ 2047-ஆல் வகுத்தால் மீதி 1013. மாட்டிக்கொண்டது. நம் எண்ணில் 3-ஐ வைத்தாலும் 1 வரும். ஆனால் அப்போதும் அது சாட்சியம்தான், நிரூபணம் ஆகாது.

படி 5: 29 வரிகளில் நிரூபணம்

லூக்காஸ் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்டுபிடித்து, லேமர் 1930 வாக்கில் செம்மைப்படுத்திய சோதனை இது. செய்முறையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்: 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியோடு மறுபடி அதையே செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான முறை செய்த பிறகு 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். சந்தேகத்துக்கு இடமில்லை. (இது ஏன் பலிக்கிறது என்பதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும்.)

127-இல் முழுதாகச் செய்து காட்டுகிறேன். அடுக்கு 7, எனவே 5 முறை.

4 → 16 − 2 = 14.
14 → 194. 128-ஆல் மடித்தால் 1 + 66 = 67.
67 → 4487. மடித்தால் 35 + 7 = 42.
42 → 1762. மடித்தால் 13 + 98 = 111.
111 → 12319. மடித்தால் 96 + 31 = 127, அதாவது 0.

பகா எண். 2047-க்கு இதையே 9 முறை செய்தால் 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்று போய் நிற்கும். கடைசி எண் 0 இல்லை, ஆகவே பகு எண். 23, 89 என்ற காரணிகளைப் பற்றி இந்தச் சோதனை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உடைகிறது என்று சொல்லும், எங்கே உடைகிறது என்று சொல்லாது.

2147483647-க்கு 29 முறை. 4, 14, 194, 37634, 1416317954 வரை மடிக்கவே தேவையில்லை. அடுத்தது 669670838. இங்கிருந்து ஒவ்வொரு வர்க்கமும் 19 இலக்கம் வரை போகும், சாதாரணக் கால்குலேட்டர் கடைசி இலக்கங்களை விழுங்கிவிடும். 64 பிட் முழு எண்ணில் ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டுங்கள்.

ஓட்டுவதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிட முடியும். கடைசியில் 0 வர வேண்டுமானால் அதற்கு முந்தைய எண்ணின் வர்க்கத்துக்கு மீதி 2 வர வேண்டும். அதாவது அது 2-இன் வர்க்கமூலம். படி 2-இல் வந்த நம் பழைய ஆள்! ஆகவே 28-ஆவது விடை 65536 ஆக இருக்கும், இல்லாவிட்டால் அதை நம் எண்ணிலிருந்து கழித்து வரும் 2147418111 ஆக இருக்கும். மேலே 127-இல் வந்த 111-ஐப் பாருங்கள்: 127 − 16. அங்கே கழித்த பக்கம் வந்திருக்கிறது. நம் எண்ணில் எந்தப் பக்கம் என்று ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லூக்காஸ் தன் முறையால் 1876-இல் 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். இதே சோதனைதான் இன்றைய சாதனை எண்ணுக்கும். கிம்ப்ஸ் என்ற கூட்டு முயற்சி 2024-இல் அறிவித்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1-க்கு 4,10,24,320 இலக்கங்கள்.

படி 6: பக்கத்து எண்களைக் கேளுங்கள்

ஒரு பகா எண்ணின் குணம் தெரிய வேண்டுமானால் அதிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு உடையுங்கள். 2147483646 = 2 × (2³⁰ − 1) = 2 × 32767 × 32769. 32767 = 7 × 31 × 151. 32769 = 3 × 3 × 11 × 331. ஆக மொத்தம் 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. மறுபக்கம் ஒன்று கூட்டினால் வெறும் 2³¹, காரணி என்று 2-ஐத் தவிர ஒன்றும் இல்லை. லூக்காஸ் சோதனை இவ்வளவு எளிதாக அமைந்ததற்கு இதுவே காரணம்.

இந்த ஏழு பகா எண்கள் எதற்கு? முதன்மை மூலம் தேட. ஓர் எண்ணின் அடுக்குகள் 1 முதல் 2147483646 வரை எல்லா மீதிகளையும், ஒன்றையும் விடாமல் சுற்றி வந்தால் அது முதன்மை மூலம். 2 நிச்சயம் ஆகாது, 31 அடியிலேயே திரும்பிவிடுகிறது. சோதிக்கும் வழி: எண்ணை 2147483646 ÷ 2, ÷ 3, ÷ 7, ÷ 11, ÷ 31, ÷ 151, ÷ 331 ஆகிய ஏழு அடுக்குகளுக்கும் உயர்த்துங்கள். ஒன்றில்கூட மீதி 1 வரவில்லை என்றால் அது முதன்மை மூலம். இப்படித் தேறும் மிகச் சிறிய எண் 7. மொத்தம் தேறுபவை 53,46,00,000, ஏறக்குறைய நான்கில் ஒன்று.

சில்லறைத் தகவல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்ற செவ்விய எண் கிடைக்கும், அதாவது தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை தானே ஆகிற எண். இதைவிடப் பெரிய செவ்விய எண்ணைத் தேடி யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்று ஆங்கிலக் கணிதர் பீட்டர் பார்லோ 1811-இல் எழுதினார், பாவம். அடுக்கான 31-உம் (2⁵ − 1) ஒரு மெர்சென் பகா எண் என்பதால் நம் எண் இரட்டை மெர்சென். அப்படிப் பகா எண்ணாகத் தெரிந்தவை 7, 127, 2147483647, 2¹²⁷ − 1 என்ற நான்குதான். 8-ஆல் வகுத்தால் மீதி 7 என்பதால் இதை மூன்று வர்க்கங்களின் கூட்டலாகக்கூட எழுத முடியாது, நான்கு வேண்டும். பகா எண்களின் வரிசையில் இது 10,50,97,565-ஆவது. இரண்டு தள்ளி நிற்கும் இரட்டைப் பகா எண்ணாகத் துணை எதுவும் இல்லை: கீழே 2147483645 ஐந்தால் வகுபடும், மேலே 2147483649 மூன்றால்.

படி 7: முதன்மை மூலத்தை ஓட விடுங்கள்

7⁵ = 16807. 2147483646-இன் காரணிகளில் 5 இல்லை, ஆகவே 16807-உம் முதன்மை மூலமே. 1-இல் தொடங்கி 16807-ஆல் பெருக்கிப் பெருக்கி மீதி எடுத்துக்கொண்டே போனால் 2147483646 எண்கள் கலைந்த வரிசையில் வந்து, பிறகுதான் 1 திரும்பும். கணினிகளில் சமவாய்ப்பு எண் தர நெடுங்காலம் பயன்பட்ட முறை இது. இந்த வகை உற்பத்தியை முன்வைத்தவர் வேறு யாருமில்லை, படி 5-இன் லேமர்தான். ரகசியக் குறியீட்டுக்கு மட்டும் இதைத் தொடாதீர்கள். ஓர் எண் தெரிந்தால் அடுத்தது எல்லாம் தெரிந்துவிடும்.

முதல் இரண்டும் 16807, 282475249. மூன்றாவதைக் கையால் செய்வோம். 282475249 × 16807 = 4747561509943. 2³¹-ஆல் வகுத்தால் ஈவு 2210, மீதி 1622647863. கூட்டுங்கள்: 1622650073. அதே மடித்தல்.

32 பிட்டுக்கு மேல் பெருக்க முடியாத காலத்தில் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். நம் எண் = 16807 × 127773 + 2836. எண்ணை முதலில் 127773-ஆல் வகுத்து, மீதியை 16807-ஆலும் ஈவை 2836-ஆலும் பெருக்கி, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும். எதிர்மமாக வந்தால் நம் எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இடையில் எங்குமே எல்லை தாண்டாது.

நிரல் எழுதி 1-இலிருந்து ஓட்டுங்கள். 10,000-ஆவது எண் 1043618065 என்று வர வேண்டும். வராவிட்டால் பெருக்கும்போது எங்கோ 32 பிட் நிரம்பி வழிந்திருக்கிறது, அந்த வரியை முதலில் பாருங்கள்.